படபடக்காத நெஞ்சோடு மலையேறுவது

நான் ஓடவில்லை. சோதனைச் சாவடி பெஞ்சில் உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். நெஞ்சுதான் ஓடியது.

சுவிட்சைப் போட்டதுபோல் திடீரென்று தொடங்கியது. என் கழுத்து துடிப்பதை எதிரில் நின்ற கருப்பையாவே பார்த்துவிட்டார். "யக்கா, என்ன கழுத்து இப்படித் துடிக்குது ஒங்களுக்கு?" என்றார். பதில் சொல்ல மூச்சு போதவில்லை. பழத்தைக் கீழே வைத்தேன். அதை ஒரு குரங்கு தூக்கிக்கொண்டு போனதுகூட நினைவிருக்கிறது.

நான் வனக்காப்பாளர். செண்பகத்தோப்பை ஒட்டிய மலைக்காட்டில் வேலை. வீடு மம்சாபுரத்தில். கருப்பையா என்னோடு ரோந்து வரும் காவலர்; என்னைவிடச் சின்னவர், ஆனால் எனக்கு முன்பே காட்டுக்கு வந்தவர். என் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று, இப்போது ராஜபாளையத்தில் ஒரு மில்லில் செக்யூரிட்டியாக இருக்கிறார்.

நான் விழுங்கும் மாத்திரையை விழுங்கிக்கொண்டு, கூடவே "இனிமேல் உன்னால் முடியாது" என்ற பேச்சையும் விழுங்கிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாத்திரையை விழுங்குங்கள். பேச்சை விழுங்க வேண்டாம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் கொண்டுபோனார்கள். ஈ.சி.ஜி. (இதயத்தின் மின்னோட்டத்தைத் தாளில் கோடாக வரைந்து காட்டும் சோதனை) எடுத்த செவிலியர் தாளைப் பார்த்ததும் நடையை எட்டிப்போட்டார். நரம்பில் ஒரு ஊசி போட்டார்கள். ஒரு கணம் உள்ளே எல்லாமே நின்றுபோனது. இதுதான் சாவு போலிருக்கிறது, இவ்வளவுதானா என்று நினைத்தேன். பிறகு நெஞ்சு ஒழுங்காக அடிக்கத் தொடங்கியது. அழுகை வந்தது. பயத்தில் அல்ல, கோபத்தில். என்னைக் கேட்காமல் என் உடம்பு செய்த முதல் காரியம் அது.

ராஜபாளையத்தில் இதய மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினார்கள். அவர் ஒரு பெண். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். எக்கோ (ஒலி அலைகளால் இதயத்தைப் படம் பிடிக்கும் சோதனை) பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இதயம் நல்லாத்தான் இருக்கு. உள்ள போற கரண்ட் லைன்லதான் ஒரு குறுக்குப் பாதை. அப்பப்ப கரண்ட் அதுல விழுந்து சுத்த ஆரம்பிச்சிடும். பிரஷரும் கூடுதலா இருக்கு. ரெண்டுக்கும் சேத்து ஒரே மாத்திரை தரேன்."

நோயின் பெயர் எஸ்.வி.டி. (இதயத்தின் மேலறைப் பக்கம் தொடங்கும் அதிவேகத் துடிப்பு). மாத்திரை மெட்டோப்ரோலால். அது பீட்டா பிளாக்கர் வகை (அட்ரினலின் என்ற சுரப்பு இதயத்தைத் தட்டி எழுப்பும் கதவை அடைத்துவைக்கும் மருந்து). கதவை அடைத்தால் துடிப்பு குறையும், அடிக்கும் விசை தணியும், ரத்த அழுத்தமும் இறங்கும். வீசிங் (மூச்சிளைப்பு) உண்டா, சர்க்கரை உண்டா என்று அவர் துருவித் துருவிக் கேட்டார். இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சிலருக்கு இந்த மருந்து மூச்சை இறுக்கும், சர்க்கரை தாழ்வதைக் காட்டிக்கொடுக்கும் படபடப்பையும் மறைத்துவிடும்.

"ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க. நல்லாயிட்டேன்னு நீங்களா நிறுத்திடாதீங்க. திடீர்னு நிறுத்தினா, அடக்கி வச்சதெல்லாம் ஒரேயடியா எந்திரிக்கும்" என்றார். மதுரைக்குப் போய் அந்தக் குறுக்குப் பாதையைச் சுட்டு அடைக்கும் சிகிச்சையும் உண்டு, முதலில் மாத்திரையில் பார்ப்போம் என்றார்.

முதல் வாரங்களில் நான் வேறு யாருடைய உடம்பிலோ குடியிருந்தேன். கத்தரி வெயிலில் விரல் நுனி குளிர்ந்தது. சாப்பாட்டுத் தட்டை வாங்கும்போது என் கை பட்டு, "ஏட்டி, பிரிட்ஜுக்குள்ள கைய விட்டியா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். பல் விளக்கும்போது கண்ணாடியில் முகம் தெரிவதுபோல் கனவுகள் தெளிவாக வந்தன. கால்கள் ஈர மணலில் நடப்பவை போல் கனத்தன. நாடியைத் தொட்டால் சாவகாசமாக அடித்தது, என்னமோ லீவில் இருப்பதுபோல்.

எங்கள் வேலையில் ஏற்றத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. காதுக்குள் நெஞ்சு கேட்கும்வரை ஏறு. கேட்டால் நில். அடங்கினால் மறுபடி ஏறு. புதிதாகச் சேருபவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். இத்தனை வருடமாக என்னை மலையில் நிறுத்தியதும் ஏற்றியதும் அந்தச் சத்தம்தான்.

மாத்திரை தொடங்கிய பிறகு முதல் ரோந்து. வழக்கமாக நிற்கும் முதல் பாறை வந்தது. காதில் சத்தம் இல்லை. தாண்டினேன். இரண்டாவது பாறையையும் தாண்டினேன். பின்னால் கருப்பையா, "யக்கா, செத்த நேரம் நில்லுங்க" என்றார். "எனக்கு இன்னும் அடிக்கவே இல்லையே. நீ வேணா நின்னு வா" என்றேன். மாத்திரை என்னை இருபது வயதுக்குத் திருப்பிவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை.

மேலே ஓடையருகில் குனிந்து தண்ணீர் குடித்துவிட்டு விருட்டென்று எழுந்தேன். பச்சை எல்லாம் கறுப்பாகியது. அடுத்து நான் பார்த்தது கருப்பையாவின் தாடையை. அவர் என் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எல்லாச் சாமியையும் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நடந்ததைக் கேட்ட மருத்துவர் சிரிக்கவில்லை. "ஸ்கூல் வேன்ல வேகம் கூடாம இருக்க ஒரு கருவி வைப்பாங்க, பாத்திருக்கீங்களா? அதைத்தான் உங்க இதயத்துக்கு வச்சிருக்கேன். நீங்க அதே வேன்ல மலை ஏறியிருக்கீங்க. கால் கேட்ட ரத்தத்தை நெஞ்சு குடுக்கல. அடிக்கலைன்னா களைக்கலைன்னு அர்த்தம் இல்ல. அதுக்கு மேல, குனிஞ்சு சட்டுனு எந்திரிச்சதுல பிரஷர் விழுந்திடுச்சு" என்றார்.

இந்தத் தவறு யாருக்கும் வரலாம். நெஞ்சுத் துடிப்பைப் பார்த்து வேலை செய்யப் பழகியவர்கள், அது ஓட்டக்காரராக இருந்தாலும் மூட்டை தூக்குபவராக இருந்தாலும், இந்த மாத்திரைக்குப் பிறகு அந்த அளவுகோலை நம்பக் கூடாது.

நான் விழுந்த செய்தி எனக்கு முன்பே மலையிறங்கிவிட்டது. எங்கள் வனவர் (எனக்கு அடுத்த மேல் அதிகாரி) என்னைவிட வயதில் இளையவர். கெட்டவர் அல்ல. அதுதான் சங்கடம். "மேரியம்மா, நீங்க இனி ஆபீஸ்ல இருங்க. தபால் பாருங்க. ஃபேன் இருக்கு" என்றார்.

செட்டியார்பட்டியில் இருந்து நாத்தனார் வந்தாள். "ஆனைக்கும் அடி சறுக்கும் மதினி. பேசாம ஆபீசுக்குப் போங்க" என்றாள். வீட்டுக்காரரும் அவள் பக்கம் சாய்ந்தார்.

"நெழல்ல உக்காந்து சம்பளம் வாங்கலாம்லா?"

"இப்பவும் நெழல்லதான் இருக்கேன். அங்க அம்புட்டும் மரம்" என்றேன்.

எனக்கு ஆபீஸ் கேவலம் இல்லை. ஆனால் என் காடு எனக்கு வேண்டும். எங்களோடு ஒரு ஆண் காப்பாளர் இருக்கிறார். போன வருடம் அவருக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் (அடைபட்ட ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) வைத்தார்கள். கொஞ்ச நாளில் அவர் மலைக்குத் திரும்பியபோது மாலை போட்டு, இரும்பு மனுஷன் என்றார்கள். அவருக்கும் இதே வகை மாத்திரைதான். அவர் விழுங்கினால் இரும்பு, நான் விழுங்கினால் தபால்.

மறுபடி மருத்துவரிடம் போனேன். "எனக்கு மாத்திரையும் வேணும், மலையும் வேணும். ஒண்ணை விடச் சொன்னா வேற டாக்டரப் பாப்பேன்" என்றேன். அவர் முதல் முறையாகச் சிரித்தார்.

அளவைக் குறைத்தார். ட்ரெட்மில் (ஓடும் பட்டையில் நடக்கவைத்து இதயத்தைக் கவனிக்கும் சோதனை) வைத்துப் பார்த்தார். முதலில் சமதரை, பிறகு சிறு ஏற்றம், பிறகுதான் மலை என்றார். படுத்தாலும் குனிந்தாலும் மெதுவாக எழச் சொன்னார். புது அளவுகோலும் தந்தார்: "நடக்கும்போது பேசுங்க. ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காம வந்தா சரி. வாக்கியம் உடைஞ்சா நில்லுங்க."

காட்டுக்குள் சத்தமாகப் பேசக் கூடாது என்பது எங்கள் சட்டம். ஆகவே வாய்க்குள்ளேயே முணுமுணுத்தேன். மலையடிவாரத்தில் வாரக்கணக்கில் பழகினேன். தொடக்கத்தில் ஜெபமாலை சொன்னேன். ஏற்றம் கடினமானால் அது தானாகவே வனவரைத் திட்டுவதாக மாறிவிடும். மாதா மன்னிப்பாளாக. திட்டும்போது வாக்கியம் நீளமாக வருகிறது, மூச்சுக்கும் நல்லது.

"யக்கா, என்னமோ சொல்லுதிய" என்பார் கருப்பையா.

"ஒன்ன இல்லப்பா. நீ நட."

கடைசியில் வனவர், "நானே கூட வரேன். மேல வரைக்கும் போய்ட்டு வந்துட்டீங்கன்னா அப்பறம் பேசிக்கலாம்" என்றார். அன்று போக முடியாவிட்டால் தபால் மேசைதான். அது எங்கள் மூவருக்கும் தெரியும்.

திட்ட வேண்டிய ஆளே பின்னால் வந்ததால் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு ஏறினேன். பதினாறாம் வாய்ப்பாட்டில் மூச்சு உடைந்தது. நின்றேன்.

"என்னம்மா, முடியலையா?"

"முடியாம நிக்கல சார். முடியணும்னு நிக்கேன்."

அப்படி நின்று நின்றே மேலே போய்ச் சேர்ந்தோம். இறங்கும் வழியில், மூங்கில் புதர் திரும்பும் இடத்தில், கருப்பையா கையை உயர்த்தினார். பாதையின் மேலேயே ஒரு ஒற்றை யானை. பக்கவாட்டில் நின்று மூங்கிலை முறித்துக்கொண்டிருந்தது.

பயம் முழுசாக வந்தது. உள்ளங்கை நனைந்தது. பிடரி சிலிர்த்தது. நெஞ்சு மட்டும் அதன் போக்கில் நடந்துகொண்டிருந்தது. முன்பெல்லாம் யானையைக் கண்டால் காதுக்குள் என் நெஞ்சைத் தவிர எதுவும் கேட்காது. அன்று மூங்கில் முறிவது கேட்டது. காதுமடல் அசைவது கேட்டது. காற்று யானையின் பக்கமிருந்து எங்கள் பக்கம் வந்தது முகத்தில் தெரிந்தது. அதற்கு எங்கள் வாடை இன்னும் எட்டவில்லை.

வனவர் ஓடத் திரும்பினார். சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். ஓடினால் சருகு சத்தம் போடும். முகத்தைத் திருப்பாமல் ஒவ்வோர் அடியாகப் பின்னால் வந்தோம். எவ்வளவு நேரம் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வோம். வனவர் அரைமணி என்கிறார், கருப்பையா ஒரு பீடி நேரம் என்கிறார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவசர நேரத்தை நான் நெஞ்சை வைத்தே அளந்திருக்கிறேன். அந்தக் கடிகாரம் இப்போது அவசரத்துக்கு ஓடுவதில்லை.

சுற்று வழியாக இறங்கி அடிவாரத்துக்கு வந்ததும் வனவர் முகம் கழுவிக்கொண்டே, "உங்களுக்குப் பயமே இல்லையாம்மா?" என்றார்.

"எல்லாம் மாத்திரை வேலை சார்" என்று கருப்பையா சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. "நல்லா பயந்தேன் சார். மாத்திரை என் நெஞ்சத்தான் புடிச்சுச்சு. ஒங்க சட்டையப் புடிச்சது நானு" என்றேன்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "சரி, மேல் ரோந்துலயே இருங்க. ஏதாச்சும் ஆனா உங்க பொறுப்புன்னு மட்டும் எழுதிக் குடுத்துருங்க" என்றார்.

"ஸ்டென்ட் வச்சவரு எழுதிக் குடுத்தாரா சார்?"

"இல்ல."

"அப்ப நானும் எழுதல."

அவர் வற்புறுத்தவில்லை. மறுவார ரோந்தில் என் பெயர் மேல்சரிவில் இருந்தது.

நான் முழுசாகக் குணமாகவில்லை. அதற்குப் பிறகும் ஒருமுறை நெஞ்சு ஓடியது. மருத்துவர் சொல்லித்தந்தபடி வயிற்றை இறுக்கி முக்கினேன், அடங்கியது. மதுரைக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். விரல்கள் இன்னும் குளிர்கின்றன. முன்பு உடம்பு தானாகக் கத்தும், நான் கேட்பேன். இப்போது நான் விசாரித்தால்தான் அது வாய் திறக்கிறது. ஒரு மணி நேரத்தில் ஏறிய இடத்துக்கு இப்போது அதைவிட நேரமாகிறது. அந்தக் கூடுதல் நேரமும் என்னுடையதுதான், யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

நேற்று மம்சாபுரம் பஸ் ஸ்டாப்பில் காக்கி உடுப்போடு நின்றேன். பக்கத்துத் தெருக்காரம்மா ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒடம்பு சரியில்லன்னு சொன்னாவ. இன்னுமா மலைக்குப் போறிய?"

"ஆமா" என்றேன். "அந்த ஒடம்போடதான் போறேன்."