கற்பூர எண்ணெய் பூசிய பூனை

எதிர் வீட்டு அக்கா தெருவுக்கே பொய் சொல்லிக்கொண்டிருக்கிறார். என் பூனை அவருடைய கற்பூர எண்ணெயில் தேறியதாம். தேறவில்லை. அந்த எண்ணெயால்தான் அது சாகக் கிடந்தது. பூசியவன் நான்.

கோடையில் பூனை கழுத்தைச் சொறிய ஆரம்பித்தது. முதலில் முடி கொட்டியது, பிறகு தோல் சிவந்து ரத்தம் கசிந்தது. கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிப் போயிருக்க வேண்டும். வெயிலைச் சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டேன். உண்மையில் சோம்பேறித்தனம். அக்கா பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் கற்பூரமும் அகலும் விற்பவர். உடைந்து, விற்காமல் போன கட்டிகளைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்.

“தேங்கா எண்ணெயில போட்டுக் காய்ச்சித் தடவு தம்பி. என் பசங்களுக்குச் சொறி வந்தா இதான். சீக்கிரம் கம்மியாயிடும்.”

எனக்கும் சின்ன வயதில் அதைத்தான் தடவினார்கள். மனிதன் தன் உடம்பை நக்கிக்கொள்வதில்லை என்பது அப்போது தோன்றவில்லை. கழுத்து, முதுகு என்று தாராளமாகப் பூசினேன். திமிறியது. அழுத்திப் பிடித்துக்கொண்டு பூசினேன்.

கொஞ்ச நேரத்தில் எச்சில் ஒழுகியது. பிறகு நுரை. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. தலை மட்டும் வெளியே தெரியத் துண்டில் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். அக்கா தன் வீட்டு கேட்டருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மருத்துவர் துண்டைப் பிரித்ததுமே மோந்து பார்த்தார்.

“உங்க பூனை என்ன சாமியா சார், கற்பூரம் காட்டறதுக்கு?”

“எதிர் வீட்டுல சொன்னாங்க சார்.”

“சொன்னவங்களா வந்து தடவுனாங்க? பூனைக்கு இது விஷம். தோல் வழியாவே இறங்கும். நக்கினா இன்னும் ஜாஸ்தி.”

எண்ணெயைக் கழுவி, ஊசி போட்டு, அங்கேயே வைத்துக்கொண்டார். மறுநாள்தான் பிழைத்துவிடும் என்றார். அரிப்புக்குக் காரணம் தெள்ளுப்பூச்சி. அதன் கடி இந்தப் பூனையின் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பிடரியில் விட ஒரு சொட்டு மருந்து, புண்ணை நக்காமலும் சொறியாமலும் இருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் வளையம், படுக்கிற துணியை வெந்நீரில் அலச வேண்டும். அவ்வளவுதான். புண் ஆறியது, முடி முளைத்தது. ஆனால் நான் கையை நீட்டினால் இன்றைக்கும் கட்டிலுக்கடியில் ஓடுகிறது. சாப்பாட்டை வைத்துவிட்டு நான் நகர்ந்த பிறகுதான் தின்ன வருகிறது.

நடந்ததைத் தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம். பூனை மதில்மேல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, “பாத்தியா தம்பி, என் எண்ணெய் கேட்டுச்சு” என்று அக்கா சொன்னபோது தலையாட்டிவிட்டு உள்ளே போனேன்.

இப்போது முனை வீட்டுப் பூனைக்குட்டிகள் சொறிகின்றன. அக்கா அங்கேயும் பொட்டலம் கொடுத்திருக்கிறார். பூசாதீர்கள் என்று ஓடிப்போய்ச் சொன்னேன்.

“உங்க பூனைக்கே அதுலதான் சரியாச்சாமே? நீங்களும் ஆமான்னீங்களாம்?” என்றாள் அந்த வீட்டுப் பெண். என்னை நம்பவில்லை. பொட்டலம் அவள் அடுப்பு மேடையில்தான் இருக்கிறது.

தலையாட்டியது என் தப்பு. அதை எல்லார் முன்னாலும் ஒத்துக்கொள்கிறேன். நீங்களும் வாருங்கள் அக்கா. தண்ணீர் லாரி வரும்போது தெருவே குடத்தோடு நிற்கும். அங்கே பதில் சொல்லுங்கள்: அன்றைக்கு என் பூனை வாயில் நுரை தள்ளியதைப் பார்த்தீர்களா, இல்லையா?