எண்ணூரில் திருப்ப மறந்த கண்ணாடி

ராயபுரத்தில் கல்யாணம் கட்டியவர்கள், பட்டம் வாங்கியவர்கள், செத்த பிறகு நாற்காலியில் சாய்த்து உட்காரவைக்கப்பட்டவர்கள் என்று எல்லார் முகத்தையும் கருணாகரன் பார்த்திருக்கிறார். அவர் முகத்தை அவர்களில் ஒருவரும் பார்த்ததில்லை.

சுப்பராயன் போட்டோ ஸ்டுடியோவில் இரண்டு அறைகள். முன்னறையில் சீமைத் தோட்டம் வரைந்த திரை, அதன் முன்னால் கேமரா, கேமராவின் பின்னால் கமால். பின்னறையில் ஜன்னல் கிடையாது. சிவப்பு விளக்கின் அடியில் பதினைந்து வருஷமாகக் கருணாகரன் படம் கழுவிக்கொண்டிருந்தார். வாடிக்கைக்காரர்கள் இருக்கும்போது அவர் முன்னறைக்கு வரக்கூடாது. இது முதலாளியின் சட்டம். கருணாகரனின் தகப்பனார் பறச்சேரியில் பிறந்து, இந்தச் சாதியே வேண்டாம் என்று பௌத்தம் தழுவியவர். அவர் சாதியை விட்டார். சாதி அவர் குடும்பத்தை விடவில்லை. முதலாளியின் கணக்கு விசித்திரமானது. கருணாகரன் கைபட்ட படத்தைப் பூசையறையில் மாட்டலாம், கருணாகரன் மட்டும் எதிரே வந்து நின்றுவிடக் கூடாது.

அந்த வருஷம் பட்டணத்தில் ஒரு கண்காட்சி நடக்கப்போவதாகப் பத்திரிகையில் வந்தது. இயற்கைக் காட்சிப் படங்களை யாரும் அனுப்பலாம், எடுத்தவர் பெயரைப் படத்தின் கீழே போடுவார்கள் என்றிருந்தது. கருணாகரன் அந்தக் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். கடலும் மணலும் யாரையும் எந்தத் தெரு என்று கேட்கப்போவதில்லை. தன் பெயர் ஒரு படத்தின் கீழே, ஒரே ஒரு தடவை. அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆடி மாதம் வந்தது. ஆடியில் கட்டும் தாலி மட்டும் தானாக அவிழ்ந்து விழுமோ என்னவோ, ஊரில் ஒரு கல்யாணம் கிடையாது. ஸ்டுடியோவில் ஈ ஓட்டினார்கள். முதலாளி காவடி எடுத்துக்கொண்டு திருத்தணிக்குப் போனார். மூலையில் போட்டுவைத்திருந்த பழைய கேமராவைக் கருணாகரன் எடுத்து, ஓட்டைகளில் கறுப்புத் துணி ஒட்டி, எண்ணூர் முகத்துவாரம்வரை போய்வர ஒரு வாடகை சைக்கிளின் பின்னால் கட்டினார்.

"எண்ணூருக்கு ரயில் போவுதே நைனா, இந்த டப்பா வண்டியில எதுக்குப் போறே?" என்றான் கமால்.

"ரயிலை நடுவுல நிறுத்திப் படம் எடுக்க முடியுமா?"

"சரி, நானும் கூட வர்றேன். கேமராவ நீ தொட்டதேயில்ல."

"நீ வந்தா படத்தை நீ எடுத்தேன்னு சொல்லுவாங்க."

கமால் முகம் சற்றுச் சுருங்கியது. ஆனாலும் உள்ளே போய் ஒரு சாக்கட்டி கொண்டுவந்து நீட்டினான். அதற்குக் காரணம் இருந்தது. படம் விழும் கண்ணாடித் தகடுகளை ஸ்லைடு என்னும் மரச்சட்டத்தில் முதுகோடு முதுகாக இரண்டிரண்டாக வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் எடுத்ததும் அதன்மேல் சாக்கட்டியால் பெருக்கல் குறி போட்டுவிட்டு மறுபக்கம் திருப்புவது கமாலின் பழக்கம். குறி போட்டுத்தான் ஸ்லைடுகள் எப்போதும் இருட்டறைக்கு வரும்.

"மூணு ஸ்லைடு, ஆறு கண்ணாடி. இத ஞாபகம் வெச்சுக்க மாட்டனா?" என்று சிரித்துவிட்டுக் கருணாகரன் சாக்கட்டியை மேஜைமேல் வைத்தார். அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினார்.

காசிமேட்டில் முதல் படம். கட்டுமரங்களைப் பார்த்துக் கேமராவை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். மீன் கூடையோடு போன ஒருத்தி நின்றாள்.

"இன்னா நைனா, பட்டப்பகல்ல முக்காடு போட்டுகினு? பொண்டாட்டிக்குப் பயந்து ஒளியிறியா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கருணாகரன் துணிக்குள்ளேயே இருந்தார். மனைவி மங்கை காய்ச்சலில் போய் இரண்டு வருஷம் ஆகிறது. உயிரோடிருந்தபோது, "ஊர்க்காரங்க மூஞ்சியெல்லாம் கழுவறியே, எம்மூஞ்சிய எப்போ?" என்று கேட்பாள். முதலாளியிடம் கேட்டுப் பார்த்தார். கூட்டம் குறையட்டும் என்றார் முதலாளி. கூட்டம் குறைந்த ஆடி மாதத்தில்தான் மங்கை செத்துப்போனாள். அவளுக்கு ஒரு படம்கூட இல்லை. இப்போதெல்லாம் அவள் முகத்தை நினைத்துப் பார்த்தால் மூக்குத்தி வருகிறது, பல் வருகிறது, மொத்தமாக வருவதில்லை.

ஆடிக்காற்று அவர் கணக்கில் வரவேயில்லை. மணலை வாரி அடித்தது. கேமராவின் மூன்று காலும் நடுங்கின. கையால் பிடித்தால் கையும் சேர்ந்து நடுங்கிற்று. காசிமேட்டில் ஒன்று, கால்வாய்க் கரையில் உப்புப் படகைப் பார்த்து ஒன்று, மேலும் இரண்டு என்று எடுத்துக்கொண்டே போனார். எதுவும் தேறாது என்று எடுக்கும்போதே தெரிந்தது. கூட ஒருவன் இருந்திருந்தால் கேமராவுக்கு அணையாக நின்றிருப்பான்.

சோறு கட்டிக்கொள்ளவில்லை. தண்ணீரும் எடுத்துவரவில்லை. திருவொற்றியூர் தாண்டி ஒரு தண்ணீர்ப் பந்தல் இருந்தது. தர்மத்துக்கு என்று பலகையே எழுதி வைத்திருந்தார்கள்.

"எந்த ஊரு?" என்றான் பந்தலில் இருந்தவன்.

"வியாசர்பாடி."

"வியாசர்பாடில எங்க?"

கருணாகரன் சொன்னார். அவன் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டு, ஓரமாகச் சாத்தியிருந்த மூங்கில் குழாயை எடுத்தான். "அப்டி தள்ளி நில்லு. ஊத்தறேன்."

மூன்று முழம் மூங்கில் இல்லாமல் நகர முடியாத தர்மம் அது. கருணாகரன் குடிக்காமலே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். கடல் கேட்காது என்பது சரிதான். கடலுக்குப் போகும் சாலை கேட்கும் என்பதை அவர் யோசித்திருக்கவில்லை.

உப்பளத்துப் பாதையில் முள் ஏறி டயர் போயிற்று. பேச ஆளில்லை. எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்து, காற்றும் நின்றிருந்தது. ஆறு கடலில் விழும் இடத்தில் மணல்திட்டு வளைந்து கிடந்தது. அதன் நுனியில் ஒரே ஒரு படகு. மேலே மேகம் கிழிந்து வெளிச்சம் தண்ணீரில் சாய்வாக விழுந்தது. கடைசி ஸ்லைடைப் போட்டு எடுத்தார். எடுத்த அந்தக் கணமே தெரிந்துவிட்டது. இதுதான் கண்காட்சிக்குப் போகும் படம். இதன் கீழேதான் பெயர்.

அதைச் சொல்லிக்கொள்ளப் பக்கம் திரும்பினார். நாரை ஒன்று நின்றுகொண்டிருந்தது.

மணலில் ஒரு ஆள் ஓடிவந்தான். இடுப்பில் ஈரத் துணி, அழுது வீங்கிய முகம்.

"படம் புடிக்கிறவர்தானே சாமி? ஒரு படம் எடுத்துக் குடு சாமி."

"சாமியெல்லாம் வேணாம். என்ன ஆச்சு?"

அவன் பெயர் மண்ணாங்கட்டி. பக்கத்துக் குப்பத்து மீனவன். மனைவி பூவம்மா முந்தின நாள் முழுதும் பிள்ளை வலியில் கிடந்து, விடியும்போது பிள்ளையோடு போய்விட்டாள். பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கிடைக்கவில்லை. அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "அந்தி சாயறதுக்குள்ள எடுத்துடுவாங்க. அவ மூஞ்சி எனக்கு மறந்துபூடும்யா" என்றான்.

 கருணாகரன் கேமராவைத் தோளில் தூக்கினார்.

குப்பத்தில் வெளிச்சத்துக்காகப் பூவம்மாவை வெளியே கொண்டுவந்து கட்டுமரத்தில் சாய்த்து உட்காரவைத்தார்கள். கிழவர் ஒருவர் தடுத்தார். "வேணாம்டா. படம் புடிச்சா ஆவி அதுல மாட்டிக்கும்."

"மாட்டிகினு கெடக்கட்டும். வூட்டுலயே இருப்பா இல்ல" என்றான் மண்ணாங்கட்டி.

அவள் முகத்தில் முடி விழுந்திருந்தது. கருணாகரன் தயங்கி நின்றார். பதினைந்து வருஷத்தில் ஒருவர் தலைமுடியை ஒதுக்கிவிடும் வேலை அவருக்கு வாய்த்ததில்லை.

"ஒதுக்கேன் நைனா, எதுக்குப் பாத்துகினு நிக்கிறே?" என்றாள் பூவம்மாவின் தாய்.

ஒதுக்கினார். முந்தானையைச் சரிசெய்தார். நீ யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, பறை தொடங்கிவிட்டது, நாலு பேர் அவளைத் தூக்கத் தயாராக நின்றார்கள். அவசர அவசரமாக ஸ்லைடைச் செருகி, நெடுநேரம் லென்ஸ் மூடியைத் திறந்து வைத்திருந்தார். காற்று நின்றிருந்தது. உட்கார்ந்திருந்தவளும் அசையவில்லை.

மறுநாள் இருட்டறையில் ஒவ்வொன்றாகக் கழுவினார். நாலு கண்ணாடியும் நினைத்தபடியே மங்கல். ஐந்தாவதில் மணல்திட்டு வந்தது, படகு வந்தது, மேகம் வந்தது. அதற்குள்ளிருந்து ஒரு நெற்றி வந்தது, மூடிய கண்கள் வந்தன. ஆறாவதில் ஒன்றுமே வரவில்லை. வெறும் கண்ணாடி.

ஸ்லைடைத் திருப்பவில்லை. எடுத்த பக்கத்திலேயே இன்னொரு தடவை எடுத்திருந்தார். குறி போட்டு வந்த ஸ்லைடுகளையே வாங்கிப் பழகிய இருட்டறைக்காரன் செய்யும் பிழை அது. சாக்கட்டி அவர் வைத்த இடத்தில், மேஜைமேலேயே இருந்தது.

கமால் எட்டிப் பார்த்தான். "இன்னா நைனா இது, தண்ணிக்குள்ள பொம்பள கீறா?"

கருணாகரன் நடந்ததைச் சொன்னார். கமால் கேலி செய்யவில்லை. "என்னையும் இட்டுகினு போயிருந்தா இன்னா? உம்பேரத் தூக்கிகினா ஓடிப்போவேன்?" என்றான். 

மண்ணாங்கட்டிக்கு உள்ளதையாவது கொடுப்போம் என்று ஒரே ஒரு பிரதி போட்டுக் காயவைத்தார். திருத்தணியிலிருந்து மொட்டைத் தலையோடு திரும்பிய முதலாளி கண்ணில் அது பட்டது. முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"டேய் கருணாகரா, அம்மனேடா! கடல்மேல எழுந்து வர்றாடா!"

"இல்லீங்க. எண்ணூர்ல பிரசவத்துல செத்த அம்மா. பேரு பூவம்மா. கண்ணாடியைத் திருப்ப மறந்துட்டேன். ரெண்டு படம் ஒண்ணா விழுந்துடுச்சு."

முதலாளி படத்தை மறுபடி பார்த்தார். பக்தி இறங்கி வியாபாரம் ஏறியது. "அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வாங்கறவனுக்குத் தெரியுமா? ஆடி முடியறதுக்குள்ள நூறு காபி போடு. ஒவ்வொரு கோயில் வாசல்லயும் விக்கலாம்."

கருணாகரன் படத்தைத் திரும்ப வாங்கக் கை நீட்டினார். முதலாளி குரலைத் தணித்தார். "கீழ உன் பேரையே போட்டுடறேன். கண்காட்சிக்கும் நானே அனுப்பறேன். நாளையிலேர்ந்து முன்னறைக்கு வா. யார் கேக்கறான் பாத்துடறேன்."

அன்று மத்தியானம் முழுதும் கருணாகரன் இருட்டறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆசை இல்லாமல் இல்லை. பதினைந்து வருஷம் வெளியே நின்றவருக்குத்தான் ஒரு வாசற்படியின் உயரம் தெரியும். ஆனால் படத்தைத் தூக்கிப் பார்க்கும்போதெல்லாம் அதன் முன்னால் கற்பூரம் எரிவது தெரிந்தது. சாகக் கிடந்தபோது அவளுக்கு ஒரு மாட்டுவண்டி தராத ஊர், செத்தபின் அவளுக்குக் கும்பிடு போடும். அடுத்த வருஷம் இன்னொருத்தி வலியில் கிடக்கும்போது வண்டி தேட மாட்டார்கள். இந்தப் படத்தைத் தலைமாட்டில் வைப்பார்கள். அதன் கீழே கருணாகரன் என்று எழுதியிருக்கும்.

எழுந்து வெந்நீர் வைத்தார். சட்டம் போடக் கண்ணாடி தேவைப்பட்டால் பழைய நெகட்டிவ் தகடுகளை வெந்நீரும் சலவைச் சோடாவும் விட்டுச் சுரண்டுவது அவர் வழக்கமாகச் செய்யும் வேலைதான். ஐந்தாவது கண்ணாடியைச் சுரண்டினார். மேகம் போயிற்று, படகு போயிற்று, நெற்றி போயிற்று.

கதவைத் திறந்து வெளியே வந்தபோது முன்னறையில் வாடிக்கைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் தாண்டிப் போய்க் கண்ணாடியை முதலாளியின் மேஜைமேல் வைத்தார்.

"என்னடா இது? பிளேட்டு என்னுதுடா!"

"உங்களுதுதான். எடுத்துக்குங்க."

வேலை அத்தோடு போயிற்று.

பிரதியை எடுத்துக்கொண்டு எண்ணூருக்குப் போனார், இந்தத் தடவை ரயிலில். ஒரு நாள் முழுக்கச் சைக்கிள் தள்ளிய தூரம், வெற்றிலை போட்டு மென்று முடிப்பதற்குள் வந்துவிட்டது. குப்பத்தில் கூட்டம் கூடியது. யாரோ ஒருவர் "அம்மா, தாயே!" என்று கைகூப்பினார்.

"யோவ், கையக் கீழ போடு. இது பூவம்மாயா" என்றான் மண்ணாங்கட்டி.

கருணாகரன் தன் பிழையைச் சொன்னார். முகம் தெளிவாக வரவில்லை, மன்னிக்க வேண்டும் என்றார். மண்ணாங்கட்டி படத்தை வெகுநேரம் பார்த்தான். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது.

"மூக்கு தெரியிது. வாய் தெரியிது. போதும் நைனா" என்றான். பிறகு படத்தைத் திருப்பிப் பார்த்தான். ஸ்டுடியோ முத்திரை இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. "யார் புடிச்சதுன்னு கேட்டா இன்னா சொல்லட்டும்?"

"கருணாகரன்" என்றார். 

அதன்பின் அவர் பல வருஷம் வாழ்ந்தார். கமால் தனியாகக் கடை வைத்தபோது அவரையும் அழைத்துக்கொண்டான். அங்கே இருட்டறைக்குக் கதவுதான் உண்டு, சட்டம் கிடையாது. கண்காட்சிக்குக் கடைசிவரை எதுவும் போகவில்லை. வெளியே படம் எடுக்கக் கிளம்பும் இளைஞர்களிடம் அவர் சொன்னது இதுதான்: "தண்ணி எடுத்துக்கோ, சாக்கட்டி எடுத்துக்கோ, கூட ஒரு ஆள இட்டுகினு போ."

வியாசர்பாடியில் அவருடைய ஒற்றை அறையில் புத்தர் படத்துக்குப் பக்கத்தில் ஒரு சட்டம் தொங்கியது. உள்ளே படம் இல்லை. வெறும் கண்ணாடி, அதன் வழியே சுண்ணாம்புச் சுவர். எண்ணூரில் திருப்ப மறந்த ஆறாவது கண்ணாடி அது.

"இது யார் படம்?" என்று வந்தவர்கள் கேட்பார்கள்.

"மங்கை" என்பார்.