தைலமர லாரிகள் நின்ற பிறகு

மைசூரிலிருந்து குண்டலுபேட்டை போகிற பெரிய ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் எங்கள் ஊர். வாடகை குறைவு என்று நானும் கணவரும் அங்கே குடிபோனோம். மைசூரில் நான் வேலை செய்யும் துணி ஃபாக்டரிக்கு ஸ்கூட்டரில் போய்வருவேன்.

அந்தக் குறுகிய ரோட்டில்தான் தைலமர லாரிகளும் வரும். தோப்புகளில் வெட்டிய மரத்தைக் குறுக்கு வழியில் கொண்டுபோக எங்கள் ஊர் வசதியாக இருந்தது. பாரம் இரண்டு பக்கமும் பிதுங்கியிருக்கும். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தின் நுனியில் ஒரு சிவப்புத் துணி. எதிரே வந்தால் ஸ்கூட்டரை மண்ணில் இறக்கி நின்றுவிடுவேன். பஞ்சாயத்தில் பலமுறை முறையிட்டோம். "பார்க்கலாம்" என்பார்கள்.

வளைவில் ஓர் அக்கா இட்லிக்கடை வைத்திருந்தார். கௌதள்ளிப் பக்கத்துத் தமிழ்க்காரர். கணவர் இல்லை, கடையை நம்பித்தான் வாழ்க்கை. அங்கே சாப்பிடுகிறவர்களில் பாதிக்கு மேல் லாரிக்காரர்கள். அதனால் முறையிடப் போகும்போது நாங்கள் அவரைக் கூப்பிட்டதில்லை.

மழைக்காலத்தில் ஒரு காலை. கடைக்கு முன்னாலிருந்த பெஞ்சில்தான் பிள்ளைகள் பள்ளி வேனுக்குக் காத்திருப்பார்கள். அன்று தூறல் போட்டதால் அக்கா அவர்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார். நான் இட்லி வாங்க நின்றிருந்தேன். வளைவில் திரும்பிய லாரியில் மரத்தைக் கட்டியிருந்த சங்கிலி அறுந்தது. சத்தம் கேட்டு நான் திரும்புவதற்குள் மரங்கள் உருண்டுவந்து பெஞ்சை நொறுக்கிவிட்டன. ஒன்று கடைப் படியில் மோதி நின்றது. ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது, பிறகு எல்லாப் பிள்ளைகளும் அழுதார்கள்.

யாருக்கும் அடியில்லை. டிரைவர் இறங்கி வந்தார். தினமும் அங்கே சாப்பிடுகிறவர்தான். "நான் என்னக்கா பண்றது? மொதலாளி இவ்வளவு ஏத்தச் சொல்றாரு" என்றார் கன்னடத்தில். அக்கா அவருக்கு டீ போட்டுக் கொடுத்தார். அவர் குடித்து முடித்ததும் அக்கா கிளாஸை வாங்கி வைத்தார். பிறகு உள்ளேயிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிப்போய் நடுரோட்டில் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் ஓடிப்போய், "அக்கா, இவங்கதானே உங்க கடைக்கு வர்றவங்க?" என்றேன்.

"ஆமாங் கண்ணு. அதுக்காக? தூறல் போடாம இருந்திருந்தா நான் இந்நேரம் எந்தப் புள்ளைய வாரி எடுத்துட்டு இருப்பேன், சொல்லு."

பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடித்தன. அவர் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஊரே அவரைச் சுற்றி உட்கார்ந்தது. மத்தியானம் அதிகாரிகள் வந்தார்கள். பாரம் ஏற்றிய லாரிகள் இனி பெரிய ரோட்டில்தான் போகவேண்டும் என்று முடிவாயிற்று. யாரோ அக்காவுக்கு மாலை போட்டார்கள். கூச்சத்தோடு உடனே கழற்றிவிட்டார்.

கொஞ்ச நாள் எல்லோரும் அவர் கடையில்தான் சாப்பிட்டோம். ஆனால் ஊரில் யாருக்குத்தான் வீட்டில் அடுப்பு இல்லை? வருகிறவர்கள் குறைந்தார்கள். மீந்த இட்லியை அக்கா பக்கத்து வீட்டு மாட்டுக்கு வைக்கத் தொடங்கினார். பிறகு இட்லியை நிறுத்தி, டீ மட்டும். பெரிய ரோட்டோரம் அவருக்கு இடம் தேடி நானும் கணவரும் அலைந்தோம். அங்கே ஏற்கெனவே பெரிய ஹோட்டல்கள் நிறைய இருந்தன. ஒரு சாயங்காலம் நான் வேலை விட்டு வந்தபோது கடை பூட்டிக் கிடந்தது. என்னிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

போன மாதம் மைசூர் மண்டி மொஹல்லாவில் அவரைப் பார்த்தேன். கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிற ஒருவரின் கொட்டகையில், பல பெண்களோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார்.

"நல்லாருக்கியா அம்மணி? லாரி ஏதும் வருதா?"

"வர்றதில்லக்கா."

"அது போதும்."

"ஊருக்கு வந்துடுங்கக்கா" என்றேன்.

"வந்து?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.