துஷாந்தினியின் கழலாத சொக்கட்

பெல்மதுளை கடைவீதியில் ரேடியோ திருத்துகிற ஒரே பெண்பிள்ளை எங்கள் துஷாந்தினிதான். எதிரே பலசரக்குக் கடை வைத்திருக்கும் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவளை யாராவது ஏளனம் பேசினால் இன்னும் நீளும். அப்படிப் பேசியவர்களில் முதல் ஆள் அவள் கூடப்பிறந்த அண்ணன் விஜேந்திரன். கடை அவன் பெயரில் இருந்தது.

தொண்ணூற்றேழில் அந்தப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் பலவற்றில் கரண்ட் இல்லை. கார் பெட்டரியில்தான் டீவி ஓடும். சார்ஜ் இறங்கினால் வயரைப் பிடுங்கிவிட்டு, பெட்டரியைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு வருவார்கள். பிடுங்கிப் பிடுங்கி, டீவிக்குள்ளே சர்க்கிட் பலகையில் வயருக்கு ஈயம் வைத்த இடம் செப்புக்கோட்டோடு பெயர்ந்து வந்துவிடும். அப்படி ஒரு லயத்தில் இருந்த ஏழுமலையும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து வாங்கிய டீவி இதே கோளாறோடு திரும்பத் திரும்ப வந்தது.

"இது இன்னொரு தடவ ஒடஞ்சு வந்துச்சுன்னா கடைய மூடிட்டு கார்மண்ட்ஸுக்கு தைக்க போயிரு" என்றான் விஜேந்திரன். பாவி, வாய் கூசாமல் சொன்னான்.

அவள் அழவில்லை. வயரை ஈயத்தால் மட்டும் ஒட்டினால் இழுவை முழுவதும் அந்த மெல்லிய செப்புக்கோட்டின் மேல்தானே விழுகிறது என்று யோசித்தாள். வயரைச் செருகிக் கழற்ற, பித்தளைக் கால் வைத்து ஒரு சொக்கட் செய்தாள். பலகையில் துளை போட்டுக் கால்களை நுழைத்து, மறுபக்கம் மடக்கி, பிறகுதான் ஈயம் வைத்தாள். இனி இழுத்தால் பலகையே தாங்கும். ஒரு மூலையைச் சீவிவிட்டாள். வயரைப் பிளஸ் மைனஸ் மாற்றிச் செருக முடியாது. கொக்கியும் வைத்தாள்; அதை அழுத்தினால்தான் வயர் கழலும். அடேயப்பா, என்ன மூளை!

மழைக்காலம் முடிவதற்குள் ஏழுமலை அதே டீவியைச் சுமந்துகொண்டு வந்து நின்றார். பெட்டியின் ஓரம் உடைந்திருந்தது.

"பாத்தியா?" என்று எழுந்தான் விஜேந்திரன்.

"அவசரத்துல கொக்கிய அமுக்காம பெட்டரிய தூக்கிட்டாங்க தங்கச்சி. டீவியும் பின்னாலேயே வந்து விழுந்திருச்சு. ஆனா பாருங்க, ஒங்க சொக்கட் மட்டும் அசையலையே! படமும் தெரியுது. பெட்டிய மட்டும் ஒட்டிக் குடுங்க" என்றார் ஏழுமலை.

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"இல்லண்ணே. டீவி விழுறதுக்கு முன்னால கொக்கி தானா விட்டு வயரு கழண்டிருக்கணும். கொக்கித் தகடு கனம் கூடிப்போச்சு. தப்பு என்னோடது" என்றாள் ஏழுமலையிடம், தன் அண்ணன் காதில் விழும்படியே. அடிப்பாவி, இவளே போய்க் கழுத்தை நீட்டுகிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்ப அதையும் நீங்களே செஞ்சு குடுங்க. நாங்க வேற யாருகிட்ட போறது?" என்றார் ஏழுமலை.

விஜேந்திரன் அந்தச் சொக்கட்டைப் பிடித்து இழுத்து இழுத்துப் பார்த்தான். பிறகு தங்கையிடம், "கொக்கிக்கு எந்த கனத்துல தகடு வேணும்?" என்று கேட்டான்.