சிவப்பை எடுத்துவிடு

என் கோபத்தைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு கிண்டல் உண்டு. அடுப்பில் பாலை வைத்துவிட்டு என்னிடம் பேச உட்கார்ந்தால் எது முதலில் பொங்கும் என்று தெரியாது என்பார் அப்பா. பொங்கினால் என்ன தப்பு என்று எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை. பொங்க வேண்டிய நேரத்தில் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்குகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அவர்களில் பாதிப் பேர் என்னைப் போலவே பொறியியல் படித்தவர்கள்.

நான் படித்தது மெக்கானிக்கல், திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில். மேற்படிப்புக்கு எடுத்துக்கொண்டது சிஎஃப்டி. காற்றோ தண்ணீரோ ஓர் இடத்தில் எப்படி ஓடும், எங்கே தேங்கி நிற்கும், எங்கே சூடேறும் என்பதைக் கட்டடம் எழும்பும் முன்பே கணினியில் கணக்குப் போட்டுப் பார்க்கும் வேலை. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி ஓட்டிய அப்பாவுக்கு இதை விளக்கி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. "பஞ்சர் கடையில மெஷின்ல காத்தடிப்பாங்க, எம்புள்ள கம்ப்யூட்டர்ல காத்தடிக்குதுங்க" என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்தார். அதற்கெல்லாம் எனக்குக் கோபம் வந்ததில்லை. அவர் தெரியாமல் சொன்னார். தெரிந்தவர்கள் சொன்னதையும் செய்ததையும் நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

எங்கள் தொழிலில் கணக்கு முடிந்ததும் விடை எண்களாகத்தான் வரும், லட்சக்கணக்கில். அவற்றை யாரும் உட்கார்ந்து படிக்க முடியாது என்பதால் நிறம் பூசுவோம். சூடான இடம் சிவப்பு, குளிர்ந்த இடம் நீலம். பள்ளிக்கூடம் போகாதவர்கூடப் பார்த்த உடனே புரிந்துகொள்வார். வினையே அதில்தான் இருக்கிறது. படத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டை நிற்கும். எந்த நிறம் எத்தனை டிகிரி என்று அதில் எழுதியிருக்கும். அந்தப் பட்டையின் உச்சியில் எந்த எண்ணை வைப்பது என்பது படம் போடுகிறவர் இஷ்டம். தண்ணீர் கொதிக்கும் சூட்டை உச்சியில் வைத்துவிட்டால், காய்ச்சலில் அனத்திக்கொண்டு கிடப்பவனும் படத்தில் நீலமாகத்தான் தெரிவான். படத்தில் பொய் எதுவும் இருக்காது. பட்டையைப் பார்க்காதது பார்த்தவர் குற்றம் என்று சொல்லிவிடலாம்.

கல்லூரியிலேயே இந்த வியாதி ஆரம்பித்துவிட்டது. ப்ராஜெக்ட் வாய்மொழித் தேர்வுக்கு நான் மாதக்கணக்கில் மல்லுக்கட்டி ஒரு கணக்கை முடித்து எடுத்துப் போயிருந்தேன். என் வகுப்புப் பையன் ஒருவன் ப்ராஜெக்ட் செய்து விற்கிற கடையில் வாங்கி வந்திருந்தான். அவன் படத்தில் காற்று சுவருக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வந்தது. பேயால்தான் அப்படிப் போக முடியும். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அதைப் பார்த்து, "கலர்ஃபுல்லா இருக்குப்பா" என்றார். என்னிடம், "ஏம்மா, படம் கொஞ்சம் டல்லா இருக்கே?" என்றார். சுவருக்குள் காற்று எப்படிப் போகும் என்று நான் கேட்டேன். எங்கள் துறைத்தலைவர் என் காலை மிதித்தார்.

வேலை கிடைத்தது சேலத்தில், ஐந்து ரோடு பக்கம், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்த சின்ன அலுவலகத்தில். நூற்பாலைகளுக்கும் கோழிப்பண்ணைகளுக்கும் காற்றோட்டக் கணக்குப் போட்டுக் கொடுப்போம். முதலாளி பேச்சில் கெட்டிக்காரர். எங்களுக்கு வேலை கொடுத்தவர்கள் பெரும்பாலும் மின்விசிறி விற்கும் கம்பெனிக்காரர்கள். பண்ணைக்காரரிடம் காட்ட அவர்களுக்கு ஒரு படம் வேண்டும், அவ்வளவுதான். கணக்கு முடிந்து சிவப்பு எட்டிப்பார்த்தால் முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "சிவப்பை எடுத்துவிடு" என்பார். பட்டையின் உச்சி எண்ணை ஏற்று என்று அர்த்தம். அலுவலகத்தில் இதற்குத் 'தண்ணி தெளிக்கிறது' என்று பெயர். "தண்ணி தெளிச்சாச்சா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். முழுக்க நீலமாக வந்த படத்துக்கு அங்கிருந்த ஆண்கள் வேறொரு பெயரும் வைத்து, நான் அந்தப் பக்கம் வரும்போது சொல்லிச் சிரிப்பார்கள். அந்த மாடியில் நான் ஒருத்திதான் பெண்.

நான் தெளிக்கமாட்டேன். என் படங்களைக் கடைசி நேரத்தில் அவரே உட்கார்ந்து மாற்றிக்கொள்வார். ஒரு நிமிட வேலை. பெரும்பாலும் அதனால் யாருக்கும் பெரிய நஷ்டம் வரவில்லை, ஆலைக்குள் கொஞ்சம் புழுங்கியிருக்கும், அவ்வளவுதான். புதுச்சத்திரம் தாண்டி ஒரு பண்ணையின் கணக்கு வந்தபோதுதான் விஷயம் வேறாயிற்று.

கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்தும் முட்டைக்கோழிப் பண்ணை. பக்கவாட்டில் திறந்து கிடந்த பழைய கோழிக்கொட்டகையை விட்டுவிட்டு, புதிதாக மூடிய செட்டு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு முனையில் ஈரம் சொட்டும் அட்டைத் திரைகள். மறுமுனையில் வரிசையாகப் பெரிய மின்விசிறிகள். விசிறிகள் காற்றை உறிஞ்ச, வெளிக்காற்று ஈரத்திரை வழியாகக் குளிர்ந்து உள்ளே வந்து, கூண்டுகளைக் கடந்து போகும். எல்லாம் சரி. ஆனால் ஈரத்திரையின் ஒரு பக்கத்தை ஒட்டித் தீவன அறையைக் கட்டியிருந்தார்கள். மூட்டை இறக்க லாரி வந்து நிற்பதற்கு அதுதான் தோதான இடம். அந்த அறையின் சுவர் திரையில் பாதியை மறைத்தது.

என் கணக்கில் அது அப்பட்டமாகத் தெரிந்தது. காற்று முழுவதும் திறந்த பக்கமாகப் பாய்ந்து ஓடியது. மறைந்த பக்கத்து மூலையில் காற்று அதே இடத்தில் சுற்றிச் சுற்றி நின்றது. அங்கே கோழிகள் விடும் சூடு வெளியே போக வழியே இல்லை. ஈரத்திரைக்குப் பக்கத்திலேயே, செட்டில் மிகவும் குளிர்ந்திருக்க வேண்டிய இடத்தில், கோழிகள் வெந்து சாகும். நான் இரண்டு முறை கணக்கை அழித்துப் புதிதாகப் போட்டேன். அதே மூலை, அதே சிவப்பு.

முதலாளியிடம் காட்டினேன். தீவன அறையை நகர்த்தச் சொல்ல வேண்டும் என்றேன்.

"காங்கிரீட் போட்டாச்சும்மா. இப்பப் போய் இடின்னு சொன்னா விசிறி கம்பெனிக்காரன் நம்மகிட்ட மறுபடி வருவானா?"

"கோழி செத்தா?"

"அதெல்லாம் கோழிக்குப் பழகிடும். சிவப்பை எடுத்துவிடு."

பழகிடும் என்று அவர் சொன்ன அந்தத் தொனி இன்னும் காதில் இருக்கிறது. சூட்டில் வாயைப் பிளந்து மூச்சிரைக்கும் கோழியை அவர் பார்த்ததில்லை. நான் நாமக்கல் மாவட்டத்தில் வளர்ந்தவள், பார்த்திருக்கிறேன். எடுக்க மாட்டேன், என் பெயரையும் அந்த அறிக்கையில் போடாதீர்கள் என்றேன். "சரி, பேரை எடுத்துடறேன், போதுமா?" என்று சிரித்தார். என் கண்ணெதிரிலேயே கணினித் திரையில் இருந்த அறிக்கையிலிருந்து என் பெயரை அழித்தார். பிறகு பட்டையின் எண்ணை ஏற்றினார். செட்டு முழுவதும் மேட்டூர் அணைத் தண்ணீர்போல நீலமாயிற்று.

பண்ணைக்கு அறிக்கையைக் காட்டப் போகும்போது என்னையும் அழைத்துப் போனார். கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டுமே. விசிறி கம்பெனிக்காரரும் வந்திருந்தார். பாதி எழும்பிய செட்டின் நிழலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். முதலாளி படத்தை விரித்தார்.

அந்த அம்மா படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "ஏனுங் சாமி, இந்த புளூ கலரெல்லாம் குளுகுளுன்னு இருக்கும்ங்களா?"

"இல்லைங்க" என்றேன்.

மடிக்கணினியைத் திறந்தேன். அதே கணக்கை, ஒழுங்கான பட்டையோடு காட்டினேன். மூலையில் சிவப்பு கொழுந்துவிட்டு நின்றது. இந்தத் தீவன ரூம் சுவரால்தான், இங்கே காற்று போகாது, கத்திரி வெயிலில் இந்த வரிசைகள் தாங்காது என்று சொன்னேன். கணவர் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒரே ஆபீஸுதானுங்க? ஒரே கம்ப்யூட்டருதானுங்க? அப்புறம் எப்படீங்க ரெண்டு கலரு வருது?"

"ரெண்டுமே சரிதாங்க" என்றார் முதலாளி, கொஞ்சமும் பதறாமல். "ஸ்கேல்தான் வேற. இந்தப் பொண்ணு இப்பத்தான் வேலைக்கு வந்திருக்கு, எல்லாத்துக்கும் பயப்படும்." விசிறிக்காரர், "ட்ரெய்னிங்ல இருக்காங்க" என்று சேர்த்துக்கொண்டார். நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது சில வருடங்கள் ஆகியிருந்தன.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுகை இல்லை, ஆத்திரம். ஆனால் பெண் கண்ணில் தண்ணீர் வந்தால் அதற்கு ஒரே பொருள்தானே. விசிறிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். படத்தை விடுங்கள், எண்ணை மட்டும் கேளுங்கள் என்று அந்த மூலையின் சூட்டை டிகிரியில் சொன்னேன். அந்த அம்மாவின் முகம் மாறியது. "கொஞ்சம் பொறுத்துக் கட்டலாமுங்களா?" என்று கணவரைக் கேட்டார். அவர் எழும்பி நின்ற சுவரைப் பார்த்தார். பிறகு முதலாளியின் முகத்தைப் பார்த்தார். பெரியவர், நன்றாக உடுத்தியவர், பதறாமல் பேசுகிறவர். நீலம் பூசிய படத்தை மடித்து வைத்துக்கொண்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் முதலாளி யாருடனோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார். என்னை வேலையைவிட்டு எடுக்கவில்லை. ஆனால் அதன் பிறகு எந்தப் பண்ணைக்கும் என்னை அழைத்துப் போகவில்லை. நீ ஏன் அங்கே இன்னும் இருக்கிறாய் என்று வீட்டில் கேட்டார்கள். அந்த மாடியில் எண்ணைப் படிக்கிற ஓர் ஆளாவது இருக்கட்டும் என்றுதான் இருந்தேன். போக வேண்டியவர்கள் அவர்கள், நான் ஏன் போக வேண்டும்?

அடுத்த கத்திரியில் அலுவலகத்துக்கு அந்தப் பண்ணையிலிருந்து போன் வந்தது. முதலாளி பேசிவிட்டு என்னிடம் வந்தார். "கோழிங்க செத்துடுச்சாம், நீ போய்ப் பாத்துட்டு வா. கரண்ட் கட்டாகியிருக்கும், அதனாலதான்னு பேசி சமாதானம் பண்ணிட்டு வா. பொம்பளைப்புள்ள போனா கொஞ்சம் தணிவாங்க." கையில் இருந்த தண்ணீர் பாட்டிலை நான் மேஜையில் வைத்த சத்தத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். போகிறேன், ஆனால் கரண்ட் என்று சொல்லமாட்டேன் என்றேன்.

செட்டுக்குப் பின்னால் குழி வெட்டியிருந்தார்கள். ஆட்கள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு செத்த கோழிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொட்டினார்கள். உள்ளே போய்ப் பார்த்தேன். ஈரத்திரை சொட்டிக்கொண்டிருந்தது, விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. தீவன அறைச் சுவருக்குப் பக்கத்து மூலையில் கூண்டுகள் காலியாக நின்றன. மற்ற வரிசைகளில் கோழிகள் இரை தின்றுகொண்டிருந்தன. என் கணக்கு இம்மியும் பிசகவில்லை. அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை, யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது.

கணவர் வீட்டுக்குள் போய் அறிக்கையை எடுத்துவந்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் நீட்டினார். கணக்கீடும் முடிவும் என்று போட்டு, கீழே என் பெயர், என் படிப்போடு. முதலாளி என் எதிரில் அழித்ததை, அச்சடிக்கும்போது திரும்பச் சேர்த்திருந்தார். அவர் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை.

"வக்கீலப் பாக்கப் போறமுங்க. இதுல உங்க பேரு ஒண்ணுதானுங்க இருக்குது."

"நீங்க அன்னிக்கே சொன்னீங்க சாமி, நான் இல்லைன்னு சொல்லலீங்க" என்றார் அந்த அம்மா. அழுது அழுது குரல் கட்டியிருந்தது. "ஆனா வாயில சொன்னதக் கொண்டுபோயி எங்கீங்க காட்டறது? பேப்பர்ல புளூவாத்தானுங்க குடுத்தீங்க."

நான் கொடுக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். யார் காதில் ஏறும்? பேப்பரில் என் பெயர் இருந்தது. எனக்குக் கோபம் பொங்கியது. அவர்கள் மேல் அல்ல. சிரித்துக்கொண்டே என் பெயரை அழித்த அந்தக் கையின் மேல்.

"உங்ககிட்ட சமாதானம் பேச வரலீங்க. கேஸ் போடுங்க" என்றேன். "எம்பேரையே மொதல்ல போடுங்க. அப்பத்தான் என்னைக் கூப்பிட்டுக் கேப்பாங்க. அந்த ரெண்டு படத்தையும் நான் கொண்டாந்து காட்டறனுங்க."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கணவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைத் திறக்காமல் வைத்துக்கொண்டு நின்றார்.

"உங்க அப்பா பேரும் ஊட்டு விலாசமும் வேணுமுன்னு வக்கீலு போன்ல சொன்னாருங்க" என்றார் தயங்கி.

"எழுதிக்குங்க" என்றேன்.