அத்தை எடுத்துக்கொடுத்த துப்பாக்கி

என் அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமானதில் எனக்கு ஒரு கரடி பொம்மை நஷ்டம். அந்த வருத்தம் எனக்கு வெகுநாள் இருந்தது.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. பெரம்பலூரில் காலேஜ் படித்தபோது என்.சி.சி.யில் இருந்தாள். கேம்ப்பில் .22 ரைபிள் சுட்டு ஒரு கோப்பையும் வாங்கி வந்தாள். அம்மா அதில் ஊதுபத்தி செருகி வைத்திருந்தாள்.

கல்யாணப் பேச்சு தொடங்கியதிலிருந்து இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. பெண் பார்க்க வந்த அரியலூர் மாப்பிள்ளை எங்கள் வீட்டு ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறதே என்றார். கண்டென்சர் போயிருக்கும் என்றாள் அத்தை. "பொம்பளைங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று அவர் சிரித்தார். அவர்கள் தெருமுனை தாண்டுவதற்குள் அத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இன்னொருவர் வாயைத் திறக்கவே இல்லை. அத்தைதான் நிறையப் பேசியிருக்கிறாள்; அதுவும் அத்தோடு நின்றுபோனது. மூன்றாவதும் போனால் ஊர் என்ன பேசும் என்ற கவலையில் அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாவது, செந்துறை மாப்பிள்ளை. மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தார். வீட்டில் பார்த்தால்தானே வேண்டாத பேச்சு வருகிறது என்று, பங்குனி உத்திரத்தன்று செட்டிகுளம் கோயிலில் 'தற்செயலாக'ச் சந்திப்பதென்று ஏற்பாடானது. இரண்டு குடும்பமும் பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாகத் தற்செயலாகவே வந்து சேர்ந்தோம். "ஒன் என்.சி.சி. வீரமெல்லாம் இன்னிக்கி வேணாம். புரியுதா?" என்று அப்பா பஸ்ஸிலேயே அத்தையை எச்சரித்திருந்தார்.

சாமி கும்பிட்டு வெளியே வந்தால், எதிரே பலூன் சுடும் கடை. பத்து குண்டில் பத்து பலூனையும் உடைத்தால், மேலே தொங்கும் கரடி பொம்மை. அதை எனக்கு வாங்கித் தருவதாக அத்தை ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கடை முன்னால் நின்றுகொண்டு நகர மறுத்தேன். மாப்பிள்ளைக்கு என்ன தோன்றியதோ, "வா பாப்பா, நான் சுட்டுத் தரேன்" என்று முன்னே வந்துவிட்டார்.

பலகையில் இரண்டு நீளத் துப்பாக்கிகளும், சினிமாவில் போலீஸ்காரர் இடுப்பில் செருகியிருப்பாரே அந்த ரிவால்வர் மாதிரி ஒரு குட்டைத் துப்பாக்கியும் இருந்தன. நான் ரிவால்வரைக் காட்டினேன். அவரும் அதையே எடுத்தார். ஆறு குண்டு சுட்டார். ஆறும் பின்னால் இருந்த படுதாவில் பாய்ந்தன. அவருடைய அக்காவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மாப்பிள்ளையின் காது சிவந்துபோனது.

அம்மாவுக்குப் பின்னால் நின்ற அத்தை விலகி முன்னே வந்தாள்.

"அத வச்சிடுங்க. முன்னாடி குறி பாக்குற முள்ளு வளைஞ்சிருக்கு. எடப்பக்கமா தள்ளி விடுது."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அத்தை அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. நீளத் துப்பாக்கிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கனம் பார்த்தாள், தோளில் வைத்துப் பார்த்தாள், விசையை விரலால் லேசாகத் தொட்டுப் பார்த்தாள். சந்தையில் கத்திரிக்காய் பொறுக்குவதிலும் அவளுக்கு இதே நிதானம்தான். கடைசியில், கட்டையில் கறுப்பு டேப் சுற்றிய துப்பாக்கியை எடுத்து நீட்டினாள். கடைக்காரன் முகம் சுண்டிவிட்டது.

"இதுல சுடுங்க. மூச்ச விட்டுட்டு மெதுவா அமுக்கணும்."

மாப்பிள்ளை துப்பாக்கியைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, "அப்புடிங்களா? தோள்ல எங்க வைக்கணும்னு காட்டுங்க" என்றார்.

மிச்சமிருந்த நான்கு குண்டில் மூன்று பலூன்கள் உடைந்தன. சின்னப்பிள்ளை மாதிரி குதித்தார். "நீங்க ஒரு தடவ சுடுங்களேன்" என்று அத்தையிடம் துப்பாக்கியை நீட்டினார். நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன், கெஞ்சினேன். "போதும் பாப்பா, போலாம்" என்று சொல்லிவிட்டாள். மூன்று பலூனுக்கு ஒரு பிளாஸ்டிக் சீப்பு கிடைத்தது. நான் அழுத அழுகையில் தேர் பார்க்க வந்தவர்களெல்லாம் என்னைப் பார்த்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அப்பா பொரிந்து தள்ளினார். நாலு பேர் முன்னால் மாப்பிள்ளைக்குப் பாடம் எடுத்தால் எவன் கட்டுவான் என்றார். அத்தை ஜன்னலோரம் நிதானமாக உட்கார்ந்திருந்தாள்.

"எனக்குச் சம்மதம்ண்ணே. அவங்களுக்கும் சம்மதமாத்தான் இருக்கும்."

எனக்கோ ஆத்திரம் தாங்கவில்லை. பத்தில் ஏழு குண்டைக் கோட்டை விட்டவரைப் போய் எதற்குப் பிடித்தது? அத்தையிடமே கேட்டுவிட்டேன். "மாத்துங்கன்னதும் மாத்திக்கிட்டாருல்ல" என்று சொல்லி, அந்தச் சீப்பாலேயே என் தலையை வாரிவிட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் பலூன்களை மட்டும்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பதினைந்து வருடம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் கோயிலில்தான் ஏற்பாடு. சாமி கும்பிட்டு வெளியே வந்ததும், பக்கத்தில் எங்கேயாவது பலூன் சுடும் கடை இருக்கிறதா என்றுதான் முதலில் தேடினேன்.