கடல் கொஞ்சம் றஃப்

எங்கள் கட்டடத்தின் கெல்லரில், அதாவது நிலவறையில், பழைய பெட்டியொன்றின் அடியில், சாம்பல் நிறக் கம்பளி ஒன்று கிடக்கிறது. எண்பத்தைந்தில், ஜெர்மனியின் ஹம் நகருக்குப் பக்கத்து அகதிகள் விடுதியில் எனக்குத் தந்தது. கழுத்தில் பட்டால் தேங்காய்த் தும்பு உரசியது போலிருக்கும். என் அறைக்கு வந்துசேர்ந்த மன்னார் அக்காவுக்கும் அப்படியொன்றே கிடைத்தது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை, “சரியான றஃப்.”

அந்த ஒரு ஆங்கிலச் சொல்லை வைத்தே அக்கா காலத்தை ஓட்டுகிறார் என்று நான் பகிடி பண்ணுவேன். எரிந்து விழும் விடுதிப் பொறுப்பாளர் றஃப் ஆன மனிசன். பாத்திரம் தேய்த்து வெடித்த கை றஃப். உலைக்கு அரிசி றஃபாக இரண்டு சுண்டு. ஊருக்குக் கடிதம் எழுதுமுன் ஒரு றஃப் கொப்பி. காய்ச்சல் வந்தாலும் உடம்பு றஃப் என்பார். சிரிப்பாக இருக்கும், கேட்டுக் கேட்டு அலுப்பாகவும் இருக்கும்.

அகதி விசாரணைக்கு முன் கேள்வி கேட்டுப் பழகுவது எங்கள் விடுதி வழக்கம். ஒருவர் கட்டிலில் நிமிர்ந்திருந்து அதிகாரியாவார், மற்றவர் எதிரே நாற்காலியில். அக்காவுக்கு நான்தான் அதிகாரி. கணவர் எப்படி இறந்தார் என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே பதில்.

“இந்தியாவுக்கு வள்ளத்தில வரேக்க கடல் கொஞ்சம் றஃப். அவர் விழுந்திட்டார்.”

“விபரமாச் சொல்லுங்கோ அக்கா.”

“அதுக்கு மேல ஏலாது பிள்ளை. தேத்தண்ணி போடட்டே?”

விசாரணையிலும் அதையே சொன்னார். அவருடைய விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். கொந்தளித்த கடலில் கணவனை இழந்தது துயரம்தான், ஆனால் அடைக்கலம் கொடுக்க அது காரணமாகாது என்று வழக்கறிஞர் விளக்கினார். மேன்முறையீட்டிலும் தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அக்கா கையுறையை மாட்டிக்கொண்டார்.

நீதிமன்றத்தில் நான் பின்வரிசை வாங்கில் இருந்தேன். அன்று காற்று எப்படி இருந்தது என்று நீதிபதி கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்ன பிறகும் அக்கா வழவழப்பான மேசையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“காத்தே இல்லை ஐயா. கடல் குளம் மாதிரிக் கிடந்தது. அதாலதான் ரோந்து வந்த நேவிக்காரங்களுக்கு எங்களை வடிவாத் தெரிஞ்சது. சுட்டாங்கள். அவர் என்ர மடியிலதான் செத்தவர். வள்ளம் தாழுது எண்டு சொல்லிச்சினம். அவரைத் தண்ணியில விட்டது நான்தான்.”

அவரோடு ஒரே அறையில் ஒன்றரை வருடம் படுத்தெழும்பிய எனக்கும் அது அன்றுதான் தெரியும்.

அக்கா ஜெர்மனியில் இருக்க அனுமதி கிடைத்தது. விடுதியில் கேசரி கிண்டிக் கொடுத்தோம். அதன் பிறகு அக்காவின் வாயில் றஃப் என்ற அந்தச் சொல் வரவேயில்லை. அரிசியைக்கூட அளந்து போட்டார். எனக்கு அது பெரிய கவலையாக இருந்தது. உயிரைக் காப்பாற்ற உண்மையைச் சொல்வதைத் தவிர அக்காவுக்கு வேறு வழி இருக்கவில்லை என்று தெரியும், தெரிந்தும் கவலைதான்.

அக்கா போய்ச் சேர்ந்து சில வருடங்களாகிவிட்டன. போன கிழமை கெல்லரைத் துப்புரவாக்கும்போது பேத்தி அந்தக் கம்பளியைத் தொட்டுவிட்டு, சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டாள்.

“இது ஏன் அம்மம்மா இப்பிடிக் கிடக்கு?”

அந்தச் சொல் வாய்வரை வந்தது. மடித்துத் திரும்பவும் பெட்டியின் அடியிலேயே வைத்தேன்.